திரை மட்டும் போதுமா, டியூனரும் வேண்டுமா?

மாணவர்களே, வீட்டில் புதிய தொலைக்காட்சி வாங்கும் பேச்சு எழுந்தால் போதும், "நீதான் படிக்கிற பிள்ளை, எது நல்லது என்று பார்த்துச் சொல்" என்று அப்பாவோ பாட்டியோ உங்களிடம் வருவார்கள். கடையில் திரையின் அளவைப் பார்ப்பீர்கள், படத்தின் தெளிவைப் பார்ப்பீர்கள், விலைச்சீட்டைப் பார்ப்பீர்கள். அட்டைப்பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வரியை மட்டும் பலர் பார்ப்பதில்லை. 'டியூனர்' என்று தொடங்கும் வரி அது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டிய பிறகு, கட்டணம் ஏதும் இல்லாமல் டிவி2-இல் தமிழ்ச் செய்தி வருமா, வராதா என்பதை முடிவு செய்வது அந்த ஒற்றை வரிதான்.

டியூனர் என்றால் என்ன? அது எப்படி வேலை செய்கிறது? எல்லா வீட்டுக்கும் அது தேவையா? இந்த வாரம் இவற்றைப் பார்ப்போம். கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் தெரிந்தால், விற்பனையாளர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியதில்லை.

ஒரு பெட்டிக்குள் நான்கு வேலைகள்

தொலைக்காட்சியை ஒரே பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் நான்கு வேலைகள் வரிசையாக நடக்கின்றன.

முதல் வேலை, காற்றில் வரும் பல நூறு அலைகளில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது. இதைச் செய்வது டியூனர். இரண்டாவது, அந்த அலையின் மீது ஏற்றப்பட்டிருக்கும் தகவலைப் பூச்சியங்களாகவும் ஒன்றுகளாகவும் இறக்குவது. மூன்றாவது, சுருக்கி அனுப்பப்பட்ட படத்தையும் ஒலியையும் மீண்டும் விரிப்பது. நான்காவது, விரித்த படத்தைத் திரையில் காட்டுவது.

யூடியூப் பார்க்கும்போது முதல் இரண்டு வேலைகளும் டியூனரிடம் போவதில்லை. தகவல் வைஃபை வழியாக வந்துவிடுகிறது. மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் இணைத்தால், நான்காவது வேலை மட்டுமே தொலைக்காட்சிக்கு மிச்சம். ஆகவே, 'டியூனர் இல்லாத தொலைக்காட்சி' என்பது உடைந்த பொருள் அல்ல. காற்றில் வரும் அலையைத் தானே பிடிக்கத் தெரியாத திரை, அவ்வளவுதான்.

ஊஞ்சலும் டியூனரும்

ஊஞ்சலில் தம்பியை உட்கார வைத்துத் தள்ளிப் பாருங்கள். கண்டபடி தள்ளினால் ஊஞ்சல் தடுமாறும். அதன் இயல்பான ஆட்டத்துக்கு ஒத்த நேரத்தில் மெல்லத் தள்ளினாலே உயரமாகப் போகும். இதுதான் ஒத்திசைவு.

மின்சுற்றுக்கும் இப்படி ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. ஒரு கம்பிச்சுருளையும் ஒரு மின்தேக்கியையும் இணைத்தால், அந்தச் சுற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் அலைக்கு மட்டும் வலுவாக ஆடும். மற்ற அலைகள் வந்தாலும் பெரிதாகப் பொருட்படுத்தாது. பழைய வானொலியில் குமிழைத் திருப்பி நிலையம் பிடித்தபோது, உள்ளே மின்தேக்கியின் அளவுதான் மாறியது. இன்றைய தொலைக்காட்சியில் குமிழ் இல்லை. நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்று தனக்குள் ஓர் அலையை உருவாக்கி, ஏரியலில் இருந்து வரும் அலையோடு கலந்து, வேண்டிய அலைவரிசையைப் பிரித்துக்கொள்கிறது. ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால் அந்த உள் அலையின் அதிர்வெண் மாறுகிறது.

மலேசியாவில் தரைவழித் தொலைக்காட்சி யூஎச்எஃப் எனப்படும் அலைப்பட்டையில் வருகிறது. எடுத்துக்காட்டாக 600 மெகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்று படித்திருப்பீர்கள். ஒளியின் வேகம் விநாடிக்கு 300,000,000 மீட்டர். அதை 600,000,000-ஆல் வகுத்தால் அலைநீளம் 0.5 மீட்டர். ஏரியலின் உலோகக் கம்பி பொதுவாக அலைநீளத்தில் பாதி இருந்தால் நன்றாகப் பிடிக்கும். அதாவது 25 சென்டிமீட்டர், உங்கள் அடிக்கோலைவிடச் சற்றுக் குறைவு. கூரை ஏரியலின் குறுக்குக் கம்பிகள் ஏன் அந்த அளவில் இருக்கின்றன என்பது இப்போது புரிகிறதா?

வீட்டுக்குள் வரும் நான்கு வழிகள்

டியூனர் எல்லாம் ஒரே வகை அல்ல. நிகழ்ச்சி எந்த வழியாக வருகிறதோ, அந்த வழிக்கு ஏற்ற டியூனர் தேவை.

முதலாவது, தரைவழி. குனுங் ஜெராய், குனுங் லேடாங் போன்ற உயரமான இடங்களில் இருக்கும் கோபுரங்களிலிருந்து அலை நேராக உங்கள் ஏரியலுக்கு வருகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் இதற்குப் பயன்படுத்தும் தரம் 'டிவிபி-டி2'. கடைசியில் இருக்கும் அந்த 2 மிக முக்கியம். பழைய 'டிவிபி-டி' டியூனர் மட்டும் உள்ள தொலைக்காட்சி, டி2 அலையைப் பிடித்தாலும் அதைப் படிக்க முடியாது. டி2 டியூனரோ பொதுவாக இரண்டையும் படிக்கும்.

இரண்டாவது, துணைக்கோள் வழி. ஆஸ்ட்ரோ நிகழ்ச்சிகள், நிலநடுக்கோட்டுக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் மியாசாட் துணைக்கோள்களிலிருந்து வருகின்றன. இங்கே அதிர்வெண் ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ். அலைநீளத்தைக் கணக்கிட்டால் 2.5 சென்டிமீட்டர்தான். சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளிகள் இவ்வளவு குறுகிய அலையை உறிஞ்சவும் சிதறடிக்கவும் வல்லவை. மாலை மழை கொட்டும்போது ஆஸ்ட்ரோ நின்றுபோவதும், அரை மீட்டர் நீளமுள்ள தரைவழி அலை மழையைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் வருவதும் இதனால்தான்.

சில தொலைக்காட்சிகளில் 'டிவிபி-எஸ்2' என்ற துணைக்கோள் டியூனர் உள்ளேயே இருக்கும். "இது இருந்தால் ஆஸ்ட்ரோ பெட்டி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். அலையைப் பிடிப்பது வேறு, பூட்டைத் திறப்பது வேறு. கட்டண அலைவரிசைகள் மறையாக்கம் செய்து அனுப்பப்படுகின்றன. அதற்கான சாவி நிறுவனம் கொடுக்கும் பெட்டியில்தான் இருக்கிறது.

மூன்றாவது, கேபிள் வழி. இதற்கான தரம் 'டிவிபி-சி'. நம் நாட்டில் வீடு வீடாகக் கம்பி இழுத்த கேபிள் தொலைக்காட்சி பரவலாக வேரூன்றவில்லை. ஆகவே மலேசிய வீட்டில், விவரத்தாளில் இந்த எழுத்துகளைக் கண்டு மகிழ வேண்டியதும் இல்லை, அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதும் இல்லை.

நான்காவது, இணைய வழி. இதற்கு டியூனர் தேவையே இல்லை. ஆனால் இணையக் கட்டணம் தேவை.

பனிமூட்டமும் பள்ளமும்

தாத்தா காலத்து அனலாக் ஒளிபரப்பில், அலை வலுவிழந்தால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழும். இன்னும் வலுவிழந்தால் இன்னும் புள்ளிகள். ஆனாலும் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஒருவாறு தெரியும்.

இலக்கவியல் ஒளிபரப்பு அப்படி அல்ல. பூச்சியமா, ஒன்றா என்று அடையாளம் காணும் அளவுக்கு அலை இருந்தால் போதும், படம் முழுத் தெளிவோடு வரும். சிறு பிழைகளைத் திருத்திக்கொள்ளும் கணக்கும் அதனோடு சேர்த்தே அனுப்பப்படுகிறது. ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே போனால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றே போகும். சமவெளியில் நடந்துகொண்டே போய்த் திடீரென்று பள்ளத்தில் விழுவதுபோல. ஆகவே, படம் வரவில்லை என்றவுடன் "டியூனர் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டாதீர்கள். ஏரியலைச் சன்னல் பக்கம் ஓர் அடி நகர்த்துவதே போதுமானதாக இருக்கலாம்.

உள்ளே கட்டிய வசதி பழசாகும்போது

டியூனர் உள்ளேயே இருப்பது நல்லதுதானே, ஏன் இத்தனை யோசனை? காரணம், திரைக்கு ஓர் ஆயுள், டியூனருக்கு வேறோர் ஆயுள். திரை பழுதாகும்வரை உழைக்கும். டியூனரின் ஆயுளையோ, ஒளிபரப்புத் தரத்தை எப்போது மாற்றுவது என்று நாடு எடுக்கும் முடிவு தீர்மானிக்கிறது.

2019-ஆம் ஆண்டில் மலேசியாவில் இது நடந்தது. ஜூலை மாதம் லங்காவியில் தொடங்கி, அக்டோபர் இறுதியில் சபா, சரவாக் வரை அனலாக் ஒளிபரப்பு கட்டம் கட்டமாக நிறுத்தப்பட்டது. அனலாக் டியூனர் மட்டுமே இருந்த தொலைக்காட்சிகளில் திரை நன்றாக இருந்தது, ஒலி நன்றாக இருந்தது, ஆனால் பிடிப்பதற்குக் காற்றில் அலைதான் இல்லை. அவற்றைத் தூக்கி எறிய வேண்டியிருந்ததா? இல்லை. டி2 டியூனர் உள்ள ஒரு சிறு டிகோடர் பெட்டியை இணைத்தவுடன் அதே திரை மீண்டும் உயிர்பெற்றது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி இலவசமாகவும் வழங்கப்பட்டது.

அண்டை நாடான சிங்கப்பூரில் வேறொரு மாற்றம். அங்கே பல ஆண்டுகளாகச் சுவரில் இருந்த கேபிள் இணைப்பு வழியாகக் கட்டணத் தொலைக்காட்சி வந்தது. ஸ்டார்ஹப் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை ஒளியிழைக்கு மாற்றி, 2019 செப்டம்பர் இறுதியோடு கேபிள் சேவையை நிறுத்தியது. 'கேபிள் டியூனர் உள்ளது' என்ற பெருமைக்கு அதன் பிறகு அங்கே வேலை குறைந்துவிட்டது.

அமெரிக்காவின் கதை இன்னும் சுவையானது. அங்கே அப்போது கேபிள் தொலைக்காட்சி பல வீடுகளில் இருந்தது. மாத வாடகைக்குப் பெட்டி எடுப்பதைத் தவிர்க்க, கேபிள் டியூனரைத் தொலைக்காட்சிக்குள்ளேயே வைத்து, 'கேபிள்கார்டு' என்ற சிறு அட்டையைச் செருகினால் பூட்டுத் திறக்கும்படி 2000-களின் நடுவில் தொலைக்காட்சிகள் விற்கப்பட்டன. கேட்கச் சிறப்பாக இருந்தது. ஆனால் அந்தத் தொலைக்காட்சிகள் கேட்க மட்டுமே தெரிந்தவை, பேசத் தெரியாதவை. அதாவது, வீட்டிலிருந்து நிறுவனத்துக்குத் தகவல் அனுப்ப அவற்றால் முடியவில்லை. 'இந்தப் படத்தை இப்போது போடு' என்று கேட்டுப் பார்க்கும் புதிய சேவைகள் வந்தபோது, அவற்றுக்கு மீண்டும் பெட்டிதான் தேவைப்பட்டது. தயாரிப்பாளர்களும் மெல்ல அந்த வசதியைக் கைவிட்டார்கள்.

மூன்று நாடுகள், ஒரே பாடம். நாட்டின் பொதுத் தரத்துக்கான டியூனர் உள்ளே இருப்பது பயன் தரும், ஏனென்றால் பொதுத் தரம் நீண்ட காலம் நிலைக்கும். ஒரு நிறுவனத்தின் சேவைக்கான வசதி வெளியே, கழற்றி மாற்றக்கூடிய பெட்டியாக இருப்பதே பாதுகாப்பு. ஸ்மார்ட் தொலைக்காட்சியில் உள்ள செயலிகளுக்கும் இது பொருந்தும். சில ஆண்டுகளில் புதுப்பிப்பு நின்று, செயலி திறக்க மறுக்கலாம். அப்போதும் எச்டிஎம்ஐ துளையில் ஒரு சிறு கருவியைச் செருகினால் வேலை நடக்கும்.

டியூனரையே எடுத்துவிட்டால்?

சிலர் அதையும் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 2016-இல் தன் பல திரைகளிலிருந்து டியூனரை நீக்கியது. அந்நாட்டு விதிப்படி டியூனர் இல்லாததைத் தொலைக்காட்சி என்று சொல்லி விற்க முடியாததால், அதற்கு வேறு பெயர் சூட்டியது. பின்னர் வந்த வரிசைகளில் டியூனரை மீண்டும் சேர்த்தது.

ஜப்பானில் 2021 டிசம்பரில் டான் கிஹோத்தே என்ற கடைத்தொடர், டியூனர் இல்லாத திரைகளை விற்கத் தொடங்கியது. அவை பரபரப்பாக விற்றன. ஏன்? அங்கே பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் நிகழ்ச்சிகளைப் பிடிக்கக்கூடிய கருவி வீட்டில் இருந்தால், கட்டண ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்பது சட்டம். அப்போது டியூனரே இல்லாவிட்டால் அந்தக் கட்டணம் இல்லை. இணையத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது இலாபமாக இருந்தது.

மலேசியாவில் அப்படி ஒரு கட்டணம் இப்போது இல்லை. மைடிவி வழங்கும் இலவச அலைவரிசைகளுக்கு மாதச் சந்தாவும் இல்லை. ஆகவே ஜப்பானியரின் காரணம் நமக்குப் பொருந்தாது. ஓர் ஊரின் தள்ளுபடியைப் பார்த்து இன்னோர் ஊரில் பொருள் வாங்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

"எங்கள் வீட்டில் எல்லாம் இணையம்தான், டியூனர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். பதில் கணக்கில் இருக்கிறது.

முழு உயர்தெளிவுப் படத்தில் 1920 × 1080 புள்ளிகள், அதாவது 2,073,600. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், விநாடிக்கு 50 படங்கள் என்று வைத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட் தகவல். இதை அப்படியே அனுப்ப முடியாது. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதிகளை மீண்டும் அனுப்பாமல் விடுவது போன்ற உத்திகளால், சுமார் 6 மெகாபிட்டாகச் சுருக்கலாம். 400 மடங்குக்கு மேலான சுருக்கம்! இவ்வாறு சுருக்குவதால்தான், முன்பு ஒரே ஓர் அனலாக் நிகழ்ச்சி வந்த 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் இன்று பல அலைவரிசைகள் அடங்குகின்றன.

இப்போது இணையத்தில் விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்ப்பதாகக் கொள்வோம். 5 × 3,600 = 18,000 மெகாபிட். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், 8-ஆல் வகுத்தால் 2,250 மெகாபைட், அதாவது 2.25 கிகாபைட். நாளுக்கு 4 மணி நேரம், மாதத்துக்கு 30 நாள் என்றால் 270 கிகாபைட். வீட்டில் வரம்பில்லா ஒளியிழை இணைப்பு இருந்தால் கவலை இல்லை. கைப்பேசியின் தரவைப் பகிர்ந்து பார்க்கும் குடும்பத்துக்கு இது பெரிய சுமை. டியூனர் வழியாக அதே 120 மணி நேரம் பார்த்தால் செலவாகும் தரவு பூச்சியம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கோபுரத்திலிருந்து வரும் அலையை ஒருவர் பார்த்தாலும் பத்து இலட்சம் பேர் பார்த்தாலும் அதற்கு ஒன்றுதான். இணையத்தில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தனியாகத் தகவல் போக வேண்டும். எல்லாரும் பூப்பந்து இறுதியாட்டம் பார்க்கும் நேரத்தில் படம் சுழன்று நிற்பது அதனால்தான். தடை இல்லாமல் வந்தாலும் இணையப் படம் சில விநாடிகள் தாமதித்தே வரும். ஏரியல் வைத்திருக்கும் பக்கத்து வீட்டார் கைதட்டிய பிறகுதான் உங்கள் திரையில் அந்த அடி விழும்.

வெள்ளக் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். ஒளியிழை அறுந்தாலும், கைப்பேசிக் கோபுரம் நெரிசலில் திணறினாலும், வீட்டில் மின்சாரம் இருக்கும்வரை மலை உச்சியிலிருந்து வரும் எச்சரிக்கை உங்களை வந்து சேரலாம். மின்சாரமும் போனால் பேட்டரி வானொலிதான் துணை. இந்தக் கண்ணோட்டத்தில் டியூனர் என்பது பொழுதுபோக்குக் கருவி மட்டும் அல்ல.

கடைக்குப் போகுமுன் ஐந்து கேள்விகள்

1. நம் வீட்டுக்கு நிகழ்ச்சி எந்த வழியாக வருகிறது? ஏரியல், ஆஸ்ட்ரோ, இணையம் இவற்றில் எவை என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. விவரத்தாளில் டிவிபி-டி2 இருக்கிறதா? இருந்தால் ஏரியல் மட்டும் போதும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது என்றால் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்காவின் தரமும் ஜப்பானின் தரமும் வேறு. அவற்றின் டியூனர் இங்கே வேலை செய்யாது.

3. டியூனர் இல்லாத திரை மலிவாகக் கிடைக்கிறதா? அதன் விலையோடு டிகோடர் பெட்டியின் விலையையும், ஒலிபெருக்கி இல்லை என்றால் அதன் விலையையும் கூட்டிப் பாருங்கள். கூட்டிய பிறகும் மலிவு என்றால் தாராளமாக வாங்கலாம்.

4. எச்டிஎம்ஐ துளைகள் எத்தனை? ஆஸ்ட்ரோ பெட்டிக்கு ஒன்று, விளையாட்டுக் கருவிக்கு ஒன்று, நாளை வரும் ஏதோ ஒன்றுக்கு ஒன்று. இரண்டுக்குக் குறைந்தால் பிறகு சிரமம்.

5. யார் அதிகம் பார்ப்பார்கள்? பெட்டி தனி, திரை தனி என்றால் ரிமோட்டும் இரண்டு. உங்களுக்கு அது ஒன்றும் இல்லை. பகலில் தனியாக இருக்கும் பாட்டிக்கு, ஒரே பொத்தானில் செய்தி வருவது எவ்வளவோ பெரிய வசதி. தொழில்நுட்பக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் தாமானில் ஒரு மாலை நடந்துகொண்டே கூரைகளைக் கவனியுங்கள். ஆஸ்ட்ரோ தட்டுகள் எல்லாம் ஒரே திசையை நோக்கி வானத்தைப் பார்க்கின்றனவா? திசைகாட்டியால் அந்தத் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, கம்பி ஏரியல்கள் எந்தப் பக்கம் நீள்கின்றன என்று பாருங்கள். வரைபடத்தில் அந்தத் திசையில் கோடு இழுத்தால், உங்கள் ஊருக்கு அலை அனுப்பும் மலையையோ கோபுரத்தையோ அது தொடக்கூடும்.

சிந்தித்து விடை எழுதுங்கள்

அ. ஒரு தரைவழி அலைவரிசை 500 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அதன் அலைநீளம் என்ன? அதற்கு ஏற்ற ஏரியல் கம்பியின் நீளம் என்ன?

ஆ. உங்கள் நண்பரின் வீட்டுத் தொலைக்காட்சியில் அனலாக் டியூனர் மட்டுமே உள்ளது. திரை நன்றாக இருக்கிறது. அவர் புதிய தொலைக்காட்சி வாங்க வேண்டுமா? காரணத்தோடு சொல்லுங்கள்.

இ. துணைக்கோள் டியூனர் உள்ளே இருந்தும் கட்டண அலைவரிசை வரவில்லை. ஏன்?

விடைகள்: அ. அலைநீளம் 0.6 மீட்டர், கம்பி சுமார் 30 சென்டிமீட்டர். ஆ. தேவையில்லை. டி2 டிகோடர் பெட்டியை இணைத்தால் போதும். பழுதானது திரை அல்ல, மாறியது ஒளிபரப்புத் தரம். இ. அலையைப் பிடிக்க முடிந்தாலும் மறையாக்கத்தைத் திறக்கும் சாவி தொலைக்காட்சியிடம் இல்லை.